கேட்டது நீங்கள்: ஐந்தோடு நின்றது ஏன்?

கேள்வி: டென்னிஸில் விம்பிள்டன் 5, அமெரிக்க ஓப்பன் 5 என்று ஃபெடரர் ஆண்டுதோறும் வரிசையாக ஜெயித்தார். ஆறாவது ஏன் கிடைக்கவில்லை? வயசுதானே? - வாசகர், காட்பாடி

பதில்: வயசு இல்லை. 2008 விம்பிள்டன் இறுதியில் நடாலிடம் தோற்றபோது அவருக்கு 26 வயசு. அடுத்த ஆண்டே விம்பிள்டனை மீட்டார். முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு பட்டத்துக்கு 7 ஆட்டம். ஒவ்வொன்றிலும் வெல்லும் வாய்ப்பு 95 சதவீதம் என்றாலும் ஏழையும் வெல்வது 70 சதவீதம்தான். ஐந்து ஆண்டுக்கு, அதாவது 35 ஆட்டத்துக்கு, சுமார் 17 சதவீதம்தான்! ஐந்து கிடைத்ததே அதிசயம்.

அடுத்தது, எதிராளியின் பாணி. நடால் இடக்கையர். அவர் குறுக்கே அடிக்கும் டாப்ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழலவிடும்) ஃபோர்ஹேண்ட், ஃபெடரரின் ஒற்றைக்கை பேக்ஹேண்டுக்குத் (புறங்கை அடிக்கு) தோளுயரத்தில் ஏறும். அங்கிருந்து ஓங்கி அடிக்க முடியாது. (வேலூர் மே மாத வெயிலில் ஆடுகிறவர்களுக்குத் தெரியும், சூடான பந்து இன்னும் எழும்பும்.) அந்த 2008 இறுதியில் ஃபெடரருக்கு 13 பிரேக் பாயிண்ட் (எதிராளி சர்வ் போடும் கேமைப் பறிக்கும் வாய்ப்பு), பயன்பட்டது ஒன்றே ஒன்று. ஐந்தாம் செட்டை நடால் 9-7 என வென்றார்.

2009 நியூயார்க்கில், அமெரிக்க ஓப்பன் இறுதியில், கதை வேறு. முதல் செட்டை வென்று, இரண்டாவதை முடிக்க சர்வ் போட்ட ஃபெடரர் அதைக் கோட்டைவிட்டார். 198 செ.மீ. உயர டெல் போட்ரோவின் தட்டையான ஃபோர்ஹேண்ட் ஐந்தாம் செட்டில் 6-2 என முடித்தது.

வரிசை அறுந்தது ஃபெடரருக்கு மட்டுமல்ல. அதே ஆண்டு பாரிஸில், பிரெஞ்சு ஓப்பனில், நடாலின் நான்கு பட்ட வரிசையை நான்காம் சுற்றிலேயே அறுத்த சோடர்லிங்கும் 193 செ.மீ. நடாலின் எழும்பும் பந்து அவருக்கு அடிக்க வசதியான உயரத்தில் வந்தது. நடாலுக்கு முழங்கால் வலி வேறு. அந்த ஆண்டு விம்பிள்டனுக்கே நடால் வரவில்லை.