வேர் தெரிந்தால் சொல் வசப்படுமா?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறேன். தமிழ்வழியில் படித்தவன். நவா சேவா துறைமுகம் வழியாகச் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். ஆங்கிலச் சொற்பட்டியல்களை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் நினைவில் நிற்பதில்லை. சொற்பிறப்பின் வழியே கற்பது பயன் தருமா?

பதில்: நிச்சயமாகப் பயன் தரும். ஆனால், பொருளைப் பிடித்துக்கொள்ள மட்டுமே சொற்பிறப்பு உதவும். சொல்லை எடுத்தாளும் துணிவை, அது இடம்பெற்ற வாக்கியம்தான் தரும்.

உங்கள் மேசைக்கு வரும் தாள்களிலிருந்தே தொடங்கலாம். இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட் ஆகிய மூன்றிலும் இருப்பது, சுமந்து செல்வதைக் குறிக்கும் 'போர்ட்டாரே' என்ற லத்தீன் வினை. இதை அறிந்தவருக்கு, செய்தியைத் திரும்பக் கொண்டுவரும் ரிப்போர்ட்டும், கீழிருந்து தாங்கும் சப்போர்ட்டும் எளிதில் விளங்கிவிடும்.

'சார்ஜ்' என்ற சொல்லோ இன்னும் வளமானது. வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த பிற்கால லத்தீன் வினை ஒன்றிலிருந்து பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. நீங்கள் நாள்தோறும் எழுதும் 'கார்கோ', அதே வினையிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்தது. கைப்பேசிக்கு ஏற்றும் சார்ஜ், வங்கி பிடித்துக்கொள்ளும் சர்வீஸ் சார்ஜ், காவல்துறை தாக்கல் செய்யும் சார்ஜ் ஷீட், கிடங்கின் இன்சார்ஜ் என்று வெவ்வேறாகத் தோன்றும் அனைத்துக்கும் அடியில் இருப்பது சுமை ஒன்றுதான். தமிழிலும் கட்டணத்தைச் சுமத்துகிறோம், பொறுப்பைச் சுமத்துகிறோம், குற்றத்தையும் சுமத்துகிறோம் அல்லவா? தமிழ்வழியில் படித்ததைக் குறையாக நினைக்காதீர்கள். இத்தகைய இடங்களில் அதுவே உங்களுக்குக் கைகொடுக்கும்.

ஆயினும், சுமை என்று அறிந்ததைக் கொண்டு மட்டும் பிழையின்றி எழுதிவிட முடியாது. ஒருவர் 'இன் சார்ஜ் ஆஃப் த கோடவுன்' என்றால் கிடங்கை அவர் நிர்வகிக்கிறார். சரக்கு 'இன் த சார்ஜ் ஆஃப் த கேரியர்' என்றால், அது ஏற்றிச் செல்பவரின் பொறுப்பில் இருக்கிறது. இடையில் ஒரு 'த' சேர்ந்ததும் யார் யாருக்குப் பொறுப்பு என்பதே தலைகீழாகிறது. 'சார்ஜ்டு வித்' என்றால் குற்றச்சாட்டு. 'சார்ஜ்டு ஃபார்' என்றால் பெரும்பாலும் கட்டணம். இந்த நுட்பங்களை எந்த வேரும் கற்றுத்தராது.

ஆகவே, அலுவலக மின்னஞ்சலில் புதிய சொல்லைக் கண்டால், சொல்லைத் தனியே பிடுங்காமல் அந்த வாக்கியத்தை முழுமையாக நோட்டில் எழுதி, அதன் கீழே வேரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1884-இல் முதல் பகுதி வெளியாகி 1928-இல் நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியும், தன்னார்வ வாசகர்கள் நூல்களிலிருந்து தாள்துண்டுகளில் எடுத்தெழுதி அனுப்பிய வாக்கியங்களை ஆதாரமாகக் கொண்டே உருவானது.

கேள்வி: ரோமானியப் போர்வீரர்களுக்கு உப்பையே ஊதியமாகக் கொடுத்ததால்தான் 'சாலரி' என்ற சொல் வந்தது என்று மாட்டுங்காவில் ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. 'சாலரி'க்கு மூலமான 'சலாரியம்' என்ற லத்தீன் சொல், உப்பைக் குறிக்கும் 'சால்' என்பதோடு தொடர்புடையதுதான். ஆனால், வீரர்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்து கொடுத்தார்கள் என்பதற்குப் பழைய ரோமானிய நூல்களில் சான்று இல்லை. சொல்லை நினைவில் வைக்க அந்தக் கதை உதவுமானால் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுத்தாளில் வரலாறாக எழுதிவிடாதீர்கள்.