டெஸ்ட் முடியும்வரை மட்டும் ஒரு டேட்டாபேஸ் சர்வர்

கேள்வி: எங்கள் குழுவின் யூனிட் டெஸ்ட்களுக்குப் பொதுவாக ஒரே ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வர்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்டினால், ஒருவர் போட்ட பதிவுகளை இன்னொருவரின் டெஸ்ட் அழித்துவிடுகிறது. மெமரியில் ஓடும் எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸுக்கு மாறிவிடலாமா?

பதில்: வேண்டாம். எஸ்கியூலைட் அருமையான கருவிதான், ஆனால் பயனர்கள் பயன்படுத்தும் உங்கள் புரொடக்‌ஷனில் ஓடுவது அது இல்லையே. எண்ணுக்கான நெடுவரிசையில் எழுத்தைப் போட்டாலும் சாதாரண டேபிளில் வாங்கிக்கொள்ளும். ஒரு பதிவு சுட்டும் இன்னொரு பதிவு உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபாரின் கீ சரிபார்ப்பைக்கூட ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் நாமாகத்தான் ஆன் செய்ய வேண்டியிருக்கும். அதில் பாஸான டெஸ்டை நான் நம்பமாட்டேன்.

டெஸ்ட் ஓட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு போஸ்ட்கிரெஸைக் கிளப்பி, முடிந்ததும் தூக்கி எறியுங்கள். ஒரு தற்காலிக டைரக்டரி உருவாக்கி அதில் சர்வரின் தொடக்க ஃபைல்களை உருவாக்கும் இனிட்டிபி (initdb) கட்டளையை ஓட்டினால் காலி சர்வர் கிளப்பத் தயார். ரூட் பயனராக மட்டும் ஓட்டாதீர்கள், மறுத்துவிடும். 'லிசன் அட்ரஸஸ்' (listen_addresses) அமைப்பில் எதுவும் இல்லாத ஸ்ட்ரிங்கைக் கொடுத்து, ஒரே கணினிக்குள் இணைய உதவும் ஃபைலான யூனிக்ஸ் சாக்கெட்டை அதே டைரக்டரிக்குள் வைத்துவிடுங்கள். டிசிபி போர்ட்டே திறக்காது. போஸ்ட்கிரெஸின் வழக்கமான போர்ட் எண்ணான 5432 என்பது சாக்கெட் ஃபைலின் பெயரில் வரும் எண் மட்டுமே ஆகிவிடும். பத்து சர்வர்கள் ஒரே 5432-இல் ஓடினாலும் டைரக்டரி வேறுவேறு என்பதால் மோதாது. காலி போர்ட் தேடும் ஸ்கிரிப்ட் எழுதி நானே நாட்களை வீணாக்கியிருக்கிறேன்! ஒன்றில் மட்டும் கவனம்: லினக்ஸில் சாக்கெட்டின் முழுப் பாதை 107 பைட்டுக்குள் அடங்க வேண்டும். டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சிஐ கருவிகள் வைக்கும் நீளமான டைரக்டரிப் பெயர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

அடுத்து வேகம். டேட்டாவை டிஸ்க்கில் பத்திரப்படுத்தும் எஃப்சிங்க், சிங்க்ரனஸ் கமிட், ஃபுல் பேஜ் ரைட்ஸ் மூன்றையும் ஆஃப் செய்துவிடுங்கள். கரண்ட் போனால் டேட்டா போய்விடுமே என்று கேட்பீர்கள். போகட்டும், எப்படியும் எறியப்போகிற டேட்டாதானே. இதே அமைப்புகள் தப்பித்தவறிக்கூட புரொடக்‌ஷன் பக்கம் போய்விடக் கூடாது.

டெஸ்டுக்கு ஒரு சர்வர் என்று போகாதீர்கள், இனிட்டிபி அவ்வளவு மலிவானதல்ல. ஓட்டத்துக்கு ஒன்று போதும். அதற்குள் டேபிள்களை உருவாக்கும் மைக்ரேஷன்களை ஒரே ஒரு டேட்டாபேஸில் ஓட்டி, அதை டெம்ப்ளேட்டாக வைத்து ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு நகல் எடுங்கள். நகல் எடுக்கும் நேரத்தில் டெம்ப்ளேட்டில் வேறு கனெக்‌ஷன் இருந்தால் பிழை வரும். மைக்ரேஷன் முடிந்ததும் கனெக்‌ஷனை மூட மறப்பதுதான் வழக்கமான காரணம். டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி, கடைசியில் மாற்றங்களை ரத்துசெய்யும் (ரோல்பேக்) முறை இதைவிட வேகமானது. ஆனால் உங்கள் கோடே கமிட் செய்து மாற்றங்களை நிலைப்படுத்தினால் அது உதவாது. ஐடி எண்களைத் தரும் சீக்வென்ஸ்களும் பின்னோக்கிப் போகாது. முதல் பதிவின் ஐடி 1 என்று எதிர்பார்க்கும் டெஸ்ட் இரண்டாம் முறை விழுந்துவிடும்.

நிறுத்தும்போது 'இம்மீடியட்' முறை போதும், மென்மையாக மூட இங்கே அவசியம் இல்லை. நிறுத்தியபின் டைரக்டரியையும் அழித்துவிடுங்கள். டெஸ்ட் தோற்றாலும், நடுவில் கன்ட்ரோல்-சி அடித்தாலும் இந்த இரண்டும் நடக்கும்படி எழுதுங்கள். பிராசஸை வலுக்கட்டாயமாகக் கொல்லும் கில் மைனஸ் 9 கொடுத்தால் எந்தச் சுத்திகரிப்புக் கோடும் ஓடாது. ஆகவே டெஸ்ட் ஓட்டத்தின் பிராசஸ் எண்ணை டைரக்டரிப் பெயரில் சேர்த்துவிட்டு, அடுத்த ஓட்டத்தின் தொடக்கத்தில் உயிரோடு இல்லாத ஓட்டங்களின் சர்வர்களை நிறுத்தி, டைரக்டரிகளைக் களைந்துவிடுங்கள்.