அந்தக் காருக்குப் பெட்ரோல் போட்டது யார்?

ஐயா,

மார்ட்டின் லூதர் கிங்கின் வாழ்க்கை வரலாறு ஒன்றை நேற்று வாசித்து முடித்தேன். கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு தலைவர் இன்று இல்லையே என்ற ஏக்கம் விடவில்லை. அகிம்சை அவரைப் போன்ற உயர்ந்த ஆன்மாக்களுக்கு மட்டும்தான் கைகூடுமா? 39 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டதால்தான் இவ்வளவு பெரிய பிம்பமாகிவிட்டாரா?

கே.

அன்புள்ள கே.,

கண் கலங்கியதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனம் உங்களுக்கு. ஆனால் அடுத்த வரியிலேயே ‘அப்படி ஒரு தலைவர் இல்லையே’ என்று உட்கார்ந்துவிடுகிறீர்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இந்த ஏக்கத்தைப் பற்றித்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாவால் பெரியவரானாரா என்பதில் சாரமில்லை. 1964-லேயே நோபல் பரிசு பெற்றவர் அவர். விட்டுவிடுவோம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள மாண்ட்கோமரி நகரத்துக்கு வாருங்கள். 1955 டிசம்பர். பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைதாகிறார். ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை அன்றிரவே ஆயிரக்கணக்கில் துண்டறிக்கைகளை சைக்ளோஸ்டைல் எடுக்கிறார். கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறுவதை நிறுத்துகிறார்கள். அதன் பிறகுதான் 26 வயதுப் பாதிரியாரான கிங் தலைவராக்கப்படுகிறார். அவர் ஊருக்கே புதியவர்.

அந்தப் புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. மக்கள் நடந்தே வேலைக்குப் போனார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். முழங்கால் வீங்கிய கிழவி எத்தனை நாள் நடப்பாள்? பஸ்ஸுக்குப் பதிலாக மக்களை ஏற்றிச்செல்ல சுமார் 300 கார்கள் ஓடின ஐயா! பெட்ரோல் யார் போட்டது? டயர் தேய்ந்தால் யார் மாற்றினார்கள்? நகர அதிகாரிகளின் நெருக்குதலில் கார்களின் காப்பீடு ரத்தானபோது, லாயிட்ஸ் என்ற லண்டன் காப்பீட்டுச் சந்தை வரை போக வேண்டியிருந்தது. தவணையை யார் கட்டினார்கள்?

ஜார்ஜியா கில்மோர் என்று ஒரு சமையல்காரப் பெண்மணி. பஸ் ஓட்டுநர் அவரிடம் காசை வாங்கிக்கொண்டு, இறங்கிப் பின்வாசல் வழியாக ஏறு என்று சொல்லி, இறங்கியதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். புறக்கணிப்பை நடத்தியதற்காக கிங் மீது போட்ட வழக்கில் இதைச் சாட்சி சொன்னதற்கு அவருடைய வேலை போயிற்று. அவர் தன் வீட்டு அடுப்பை மூட்டினார். அவரும் தோழிகளும் கோழிக்கறி சாண்ட்விச், கேக், பை (pie) எல்லாம் செய்து, அழகு நிலையங்களிலும் தேவாலயங்களிலும் விற்றார்கள். வெள்ளையர் வீடுகளில் வேலை செய்த பெண்கள் பெயர் வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது கில்மோருக்கு மட்டுமே தெரியும். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்று சொல்லிவிடலாம் என்பதற்காகவே குழுவுக்குப் பெயர் ‘கிளப் ஃப்ரம் நோவேர்’. போராட்டக்காரர்களின் திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பார் கில்மோர். கூட்டம் எழுந்து நின்று கை தட்டும். அந்தக் கார்களில் ஓடிய பெட்ரோலில் இந்தக் கோழிக்கறியும் இருந்தது.

இப்போது சொல்லுங்கள், இவர்களெல்லாம் உயர்ந்த ஆன்மாக்களா? கிங்கே அப்படிப் பிறந்தவரில்லை. 1956 ஜனவரியில் மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருக்கும்போது வீட்டில் குண்டு வெடித்தது. அந்த நாட்களில் துப்பாக்கி உரிமம் கேட்டு மனுப் போட்டவர் அவர். வீட்டில் ஆயுதங்களும் இருந்தன. பேயர்ட் ரஸ்டின் போன்ற அகிம்சைப் போராளிகள் வந்து பேசினார்கள். நடந்து களைத்த மக்களைப் பார்த்துப் பார்த்து, போராட்டத்துக்குள் இருந்துதான் அகிம்சையை அவர் கற்றுக்கொண்டார்.

தலைவர் இல்லை என்கிறீர்களே, உங்கள் ஊரில் கடைசியாக நடந்த போராட்டத்தின் பந்தலுக்குச் சோறு எந்த வீட்டிலிருந்து போயிற்று என்று விசாரித்திருக்கிறீர்களா? படித்தவர், ஒருநாளாவது போய்க் கேட்டிருக்க வேண்டாமா?

நீங்கள் வாசித்த நூலில் கில்மோரின் பெயர் வருகிறதா என்று பார்த்து எழுதுங்கள். வரவில்லை என்றால் வேறு நூலைத் தேடிப் படியுங்கள்.

அன்புடன்.