ஒஸ்லோவும் எட்டாம் வாய்ப்பாடும்

அன்புள்ள அக்கா,

கோவையில் கணினி அறிவியல் படிக்கிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வரும் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அப்பா சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டும். ஒரு காபியே நானூறு ரூபாய், அந்த ஊர் நமக்கெல்லாம் சரிப்படாது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். சீனியர் ஒருவரோ, கையில் கொஞ்சம் காசோடு போய் இறங்கு, பார்ட் டைம் வேலையில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். நீங்கள் பல வருடங்களாக அங்கே இருப்பவர். யார் சொல்வதைக் கேட்பது?

க., கோயம்புத்தூர்


அன்புள்ள க.,

வாருங்கள். ஆனால் உங்கள் சீனியர் சொன்னபடி வராதீர்கள்.

அவர் பேச்சை முதலில் பார்த்துவிடுவோம். படிப்பு அனுமதியோடு வருபவர்கள் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், உண்மைதான். சட்டம் விடுவது வேறு, வேலை கிடைப்பது வேறு. கடையிலும் கஃபேயிலும் பெரும்பாலும் நார்வே மொழி கேட்பார்கள். மொழி அவ்வளவாகத் தேவைப்படாத துப்புரவு வேலைக்கும் சாப்பாடு டெலிவரிக்கும் போட்டி அதிகம். கிடைத்தாலும் வரி அட்டை வேண்டும். அதற்கு நேரில் போய்ப் பாஸ்போர்ட்டைக் காட்டி அடையாள எண் வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போகிறவர்களுக்கு டி-எண் என்கிற தற்காலிக எண்தான். அதை வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கு தொடங்குவது தனிப் படலம். இதெல்லாம் முடிவதற்குள் அக்டோபர் பாதி போயிருக்கும், நவம்பர் கடைசியில் தேர்வு தொடங்கிவிடும். ஐந்து மாதத்துக்கு வருகிறவர் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. வந்தால் லாபம், அவ்வளவுதான்.

அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே குடிவரவுத் துறை பணத்தைக் காட்டச் சொல்லும். முழுக் கல்வியாண்டுக்கு ஒன்றரை லட்சம் நார்வே குரோனருக்கு மேல், ஒரு செமஸ்டர் என்றால் அதற்கேற்ற பங்கு. காட்டுவதற்காக மட்டும் யாரிடமாவது கைமாற்று வாங்கிக் கணக்கில் போட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம் ஊரில் உண்டு. செய்யாதீர்கள். சிக்கனமாக வாழ்ந்தாலும் அதில் பெரும் பங்கு இங்கே உண்மையிலேயே செலவாகும்.

கல்விக் கட்டணம் உங்களுக்கு இல்லை. 2023 இலையுதிர் பருவத்திலிருந்து, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பட்டம் படிக்க வருகிறவர்களிடம் நார்வே கட்டணம் வாங்குகிறது. ஒப்பந்தப்படி பரிமாற்றத்தில் வருகிறவர்களுக்கு அதில் விலக்கு. செமஸ்டர் கட்டணம் என்று சில நூறு குரோனர் மட்டும் கட்ட வேண்டியிருக்கும். பெரிய செலவு அறைதான். கிரிங்ஷோ, சோங்ன் ஆகிய மாணவர் குடியிருப்புகளில் சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் அறை என்றால் மாதம் ஐந்தாயிரம் குரோனரைச் சுற்றி ஆகும். வெளியே தேடினால் எளிதாக அதில் ஒன்றரை மடங்கு. சாப்பாடு, மெட்ரோ பாஸ், போன் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம், பத்தாயிரத்தில் ஒரு மாதத்தை ஓட்டிவிடலாம் என்பது என் கணக்கு.

உறவினர்கள் சொல்வதும் பாதிதான் சரி. கஃபே காபி 45, 50 குரோனர் என்பது நிஜம். ஆனால் அதில் பாலுக்கும் காபித்தூளுக்கும் போவது சொற்பம். காபியைப் போட்டுக் கொடுக்கிற பெண்ணும் மாதக் கடைசியில் இதே ஊரில் வாடகை கட்டியாக வேண்டும், அந்தக் கூலி உங்கள் கோப்பைக்குள் இருக்கிறது. இங்கே விலை கூடியது இன்னொருவருடைய உழைப்பு. முடி வெட்டுவது, சமைத்துப் போடுவது, டாக்ஸி ஓட்டுவது என்று மனிதக் கை பட்ட எதுவும் கடிக்கும். அதே காபியை அறையில் போட்டால் சில குரோனரோடு போயிற்று. ஒர்க்‌ஷாப் நடத்தும் உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வார், கொஞ்சம் பொறாமையும் படுவார்.

இதன் மறுபக்கத்தை உங்கள் உறவினர்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பொதுவில் இருப்பவற்றுக்கு இங்கே காசு கேட்பதில்லை, இருப்பவையும் தரமானவை. ஓபரா அரங்கத்துக்குப் பக்கத்தில் 2020இல் திறந்த டைக்மான் பியோர்விக்கா நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம். தையல் இயந்திரமும் முப்பரிமாண அச்சுப்பொறியும்கூட வைத்திருக்கிறார்கள். ஓபரா அரங்கின் கூரைமேல் ஏறி நடக்க டிக்கெட் இல்லை. கிரிங்ஷோவிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சோங்ஸ்வான் ஏரி, அதைத் தாண்டினால் நோர்ட்மார்க்கா காடு. காட்டில் யாரும் நடக்கலாம், கூடாரம் போடலாம், காளான் பறிக்கலாம். 1957ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையை எழுதியே வைத்திருக்கிறது. பனிச்சறுக்குப் பலகையை வாங்க வேண்டாம், பூவா என்ற அமைப்பின் மையங்களில் இரவலாகத் தருகிறார்கள். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடியுங்கள். பாட்டில் தண்ணீர் வாங்குகிற மாணவரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

எனக்குக் கவலை வேறொன்றில்தான். நம் பிள்ளைகள் வந்து இறங்கியதும் குரோனரை ரூபாயாக்கிப் பார்க்க எல்லா விலையையும் எட்டால் பெருக்க ஆரம்பிக்கிறார்கள். முதல் மாதம் பரவாயில்லை, அந்தப் பயம் காப்பாற்றும். பெருக்கல் நிற்காவிட்டால், வகுப்பில் யாராவது வெளியே கூப்பிடும்போதெல்லாம் “வேலை இருக்கிறது” என்று சொல்லி அறைக்குத் திரும்புவார்கள். மூன்று முறை சொன்னால் நான்காவது முறை கூப்பிட மாட்டார்கள். வர இஷ்டமில்லை போல என்று மரியாதையாக விட்டுவிடுவார்கள், வற்புறுத்துவது இவர்கள் வழக்கமில்லை. வகுப்புகளும் வாரத்தில் கொஞ்ச நேரம்தான், மீதி நீங்களாகப் படிக்க வேண்டியது. டிசம்பரில் மாலை மூன்றேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். அந்த இருட்டில் தனியாக அறையில் உட்கார்ந்து மிச்சம் பிடிக்கிற காசு எனக்குச் சேமிப்பாகத் தெரியவில்லை. அதற்கு நீங்கள் கோவையிலேயே இருக்கலாம்.

இதற்கான வழியையும் இந்த ஊர் மாணவர்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பப்பில் குடிப்பது அவர்களுக்கும் கட்டுப்படியாகாது. அதனால் கூடிப் பழகுவதெல்லாம் வீட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை இரவு டாக்கோ செய்து சாப்பிடுவது இங்கே கிட்டத்தட்ட தேசிய வழக்கம். வெளியே போவதற்கு முன் யாராவது ஒருவர் அறையில் கூடுவார்கள், அதற்கு ஃபோர்ஷ்பீல் என்று பெயர். அவரவர் பானத்தை அவரவர் கொண்டுபோவதுதான் முறை. ஆப்பிள் ஜூஸோடு போனால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பாதியில் கிளம்பி வந்தாலும் தப்பில்லை, நட்பு உண்டாவது அந்த முதல் பாதியில்தான். ஆகஸ்ட் மாத அறிமுக வாரத்தில் உங்களை ஒரு குழுவில் சேர்ப்பார்கள், தூக்கக் கலக்கம் என்று அதைத் தவற விடாதீர்கள். அப்புறம், 1813இல் தொடங்கிய நார்வே மாணவர் சங்கம் ஷத்தோ நெஃப் என்ற கட்டடத்தில் இயங்குகிறது. அங்கே தன்னார்வலராகச் சேர்ந்தால் சம்பளம் கிடையாது, ஆட்கள் கிடைப்பார்கள்.

ஒன்றுக்கு மட்டும் தயாராக வாருங்கள். யாரும் யாருக்கும் காசு கொடுத்துவிட்டு “இருக்கட்டும்” என்று சொல்ல மாட்டார்கள். பீட்சாவின் கால் பங்கு விலையைக்கூட போனில் விப்ஸ் என்ற பணம் அனுப்பும் செயலி வழியாகக் கேட்டு அனுப்புவார்கள். கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவருக்கொருவர் கடன்படாமல் இருந்தால்தான் இவர்களால் நிம்மதியாகப் பழக முடியும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கிவி, ரேமா 1000 போன்ற கடைகளில் அந்தந்தக் கடையின் சொந்த மலிவு பிராண்டையே எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய மளிகைக் கடைகள் மூடியிருக்கும். பருப்பு, பச்சை மிளகாய், கொத்தமல்லிக்குக் கிரோன்லாந்து பகுதிக் கடைகள். கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும். நமக்கு இந்த ஊர் புதிதல்ல. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956லேயே நார்வே வந்துவிட்டார். பின்னாளில் இங்குள்ள நாட்டுப்புற உயர்நிலைப் பள்ளிகள் என்ற, தேர்வில்லாமல் தங்கிப் படிக்கும் பள்ளிகளில் மாணவர்களாகச் சேர்ந்துதான் பல ஈழத்து இளைஞர்கள் வந்தார்கள், வடகோடி ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் நின்று பிழைத்தார்கள். அவர்கள் கடையில் போய் மாணவி என்று சொன்னால் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுவார்கள்.

குக்கர் கொண்டுவந்தால் அடிப்பாகம் இண்டக்‌ஷனுக்கு ஏற்றதா என்று பாருங்கள், அலுமினியக் குக்கர் அந்த அடுப்பில் சூடேறாது. தாளிக்கும்போது புகைபோக்கியைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அலாரம் அடித்து மொத்தக் கட்டடமும் வெளியே வந்து நிற்கும். குளிருக்குக் கம்பளி உள்ளாடை போதும், அதையும் இங்கே பழைய துணிக் கடையில் வாங்கலாம். திருப்பூர் பருத்தி வியர்வையில் நனைந்தால் குளிரைக் கூட்டும்.

கடனை ஐந்து மாதச் செலவு, விமான டிக்கெட், அதற்கு மேல் ஒரு மாதச் செலவு என்று கணக்குப் போட்டு வாங்குங்கள். அந்தக் கூடுதல் மாதப் பணத்தைத் தொடாமல் திருப்பிக் கொண்டுபோனால் அப்பாவிடமே கொடுத்துவிடலாம். பல்கலைக்கழகம் உங்களை ஏற்றுக்கொண்ட கடிதம் வந்த அன்றே மாணவர் குடியிருப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள். கெடு தேதிக்குள் கேட்கிற பரிமாற்ற மாணவர்களுக்கு முன்னுரிமை உண்டு, தேதி தாண்டினால் நான் மேலே போட்ட கணக்கு எதுவும் செல்லாது.

அன்புடன்,
அக்கா