அவர் முகம் கொடுக்காதது உங்கள் தோல்வி அல்ல

நீங்கள் செய்த வேலையைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டவரோடு சமாதானமாகப் போக நீங்கள் முயன்றும், அவர் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்பதற்காக நீங்கள் பாவம் செய்துவிட்டதாக ஆகாது. ‘எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்’ என்று சொல்லும் ரோமர் 12:18-ல் அப்போஸ்தலர் பவுல் இரண்டு வரம்புகள் வைக்கிறார்: ‘கூடுமானால்’, ‘உங்களாலானமட்டும்’. முகத்தைத் திருப்பிக்கொள்பவரின் பங்கு உங்கள் கணக்கில் வராது.

சமாதானம் என்றால் நடந்ததைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்று நினைக்கிறீர்களோ என்று தோன்றுகிறது. ஆதியாகமம் 26-ஐ நிதானமாக வாசியுங்கள். ஈசாக்கின் ஆட்கள் தோண்டிய கிணறுகளுக்குக் கேராரூர் மேய்ப்பர் சண்டை பிடித்தார்கள். ஈசாக்கு இரண்டு முறை விட்டுக்கொடுத்து நகர்ந்தார். ஆனால் முன்பு அவரைப் போகச் சொன்ன ராஜா அபிமெலேக்கு பிற்பாடு தன் ஆட்களோடு தேடி வந்தபோது, ‘என்னைப் பகைத்துத் துரத்திவிட்டீர்களே, ஏன் வந்தீர்கள்?’ என்று நேராகவே கேட்டார். அப்புறம் அவர்களுக்கு விருந்து செய்தார். இரண்டையும் ஒரே மனிதர்தான் செய்தார்!

ஒன்று செய்து பாருங்கள். உங்கள் வேலையைத் தன்னுடையது என்றவரிடம் தனியாகச் சொல்ல நினைப்பதை எழுதுங்கள். நடந்ததைச் சொல்லும் வரிகள் இருக்கட்டும், அவரைக் குத்தும் வரிகளை அடியுங்கள். நான் ஒருமுறை அப்படி அடித்தபோது பத்து வரியில் மூன்றுதான் மிஞ்சியது. அந்த மூன்றைச் சொல்ல எனக்குக் கோபம் தேவைப்படவில்லை.

ஆனால் மிரட்டலோ அடிதடியோ இருந்தால் தனியாகப் போகாதீர்கள், பொறுப்பில் உள்ளவர்களிடம் சொல்லுங்கள். விசாரணையின்றி அடிக்கப்பட்ட பவுலும் பிலிப்பி பட்டணத்தில் அதிகாரிகளே நேரில் வரவேண்டும் என்று கேட்டார் (அப்போஸ்தலர் 16:37).