தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதிதாக வந்த எந்தப் புத்தகங்களைப் பரிந்துரைப்பீர்கள்?

"மகள் நான்காம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. வீட்டில் இருப்பதெல்லாம் பழைய நீதிக்கதைகள். புதிதாக வந்தவற்றில் எதை வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்கள் ஒரு பள்ளியில் நூலகராக இருந்தவள் நான். இந்தக் கேள்வியைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

உங்கள் வீட்டு நிலவரத்தை நானே ஊகித்துக்கொள்கிறேன். மகள் கிடைத்ததையெல்லாம் படிப்பாள். மகனிடம்தான் சிக்கல். போன வருடம் வரை படித்துக்கொண்டிருந்தவன் இப்போது கைபேசியும் கையுமாக இருக்கிறான். அவனுக்காகத்தான் கேள்வி, மகளைப் பெயருக்குச் சேர்த்திருக்கிறீர்கள். நான் நினைத்தது தப்பாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னைத் தேடி வந்த பெற்றோரில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கேட்டதை விட்டுவிட்டுச் சொந்தக்கதை பேசுகிறாள் என்பார்கள். (பேசத்தான் போகிறேன்.)

மகளுக்கு ஆங்கிலம் ஓரளவு வரும் என்றால் பீட்டர் பிரவுன் எழுதிய 'தி வைல்ட் ரோபாட்'. 2016இல் வந்தது. மனிதர்களே இல்லாத தீவில் ஒதுங்கிய ஒரு ரோபோ, தாயை இழந்த வாத்துக்குஞ்சை வளர்க்கிறது. மொத்தம் 80 அத்தியாயங்கள், எல்லாம் குட்டி குட்டியாக இருக்கும். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லிச் சொல்லியே பாதியைத் தாண்டிவிடுவாள். 2024இல் படமாகவும் வந்தது. படத்தைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டுமே, ஒன்றும் கெட்டுப்போகாது.

தமிழில் தேடுகிறீர்கள் என்றால் சாகித்ய அகாதெமி 2010 முதல் கொடுத்துவரும் பால சாகித்ய புரஸ்கார் பட்டியலிலிருந்து ஆரம்பிக்கலாம். 2020இல் விருது பெற்ற எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2023இல் பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2025இல் பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' மூன்றும் இதில் அடக்கம். முதல் புத்தகம் தவறான தொடுதலைப் பற்றிப் பேசுவது. அதைக் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். பிள்ளை ஏதாவது கேட்டால் முழிக்காமல் பதில் சொல்ல வேண்டுமே. காசு செலவழிக்காமல் பார்க்க வேண்டும் என்றால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. தமிழ் உட்பட ஏராளமான மொழிகளில் கதைகளை, வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நான்காம் வகுப்புக்கு அது போதும், ஏழாம் வகுப்புக்குப் போதாது.

மகனுக்கு ஜெர்ரி கிராஃப்டின் 'நியூ கிட்'. படக்கதை. குவாமே அலெக்சாண்டரின் 'தி கிராஸோவர்', கூடைப்பந்து ஆடும் இரட்டைச் சகோதரர்களின் கதை, முழுக்கக் கவிதை வடிவில். கவிதை என்றதும் பயப்பட வேண்டாம், ஒரு பக்கத்தில் கொஞ்சம்தான் எழுத்து இருக்கும், படிக்க மாட்டேன் என்பவனுக்கு அதுவே பெரிய ஆறுதல். எரின் என்ட்ராடா கெல்லியின் 'தி ஃபர்ஸ்ட் ஸ்டேட் ஆஃப் பீயிங்'கில் 1999இல் வாழும் ஒரு பையனிடம் எதிர்காலத்திலிருந்து இன்னொரு பையன் வந்து சேர்கிறான். இதற்கு 2025இல் அமெரிக்காவின் சிறார் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் கிடைத்தது.

சரி, பட்டியல் முடிந்தது. இதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கிவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு வருடம் எங்கள் பள்ளியில் நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வாங்கக் கொஞ்சம் பணம் ஒதுக்கினார்கள். வழக்கமாக இந்தப் பணம் பொது அறிவுத் தொகுப்பு, தலைவர்கள் வரலாறு, அகராதி என்று போய்விடும். அலமாரியில் நிற்கும், தூசு தட்டுவோம். அந்தத் தடவை நான் ஒரு தேர்வுக் குழு வைத்தேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள். நன்றாகப் படிக்கிறவர்களை மட்டும் எடுக்கவில்லை. நூலகப் பக்கமே வராதவர்கள், மின்விசிறிக்கு அடியில் உட்காருவதற்காக மட்டும் வருகிறவர்கள், எல்லோரையும் கலந்து சேர்த்தேன். விற்பனையாளர் பார்வைக்கு அனுப்பிய பிரதிகளை முதலில் நான் படிப்பேன், அப்புறம் அவர்களுக்குப் போகும்.

"புத்தகம் எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் "நல்லா இருக்கு மிஸ்" என்றுதான் சொல்லும். மிஸ் முகம் வாடக்கூடாதே. அதனால் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டே கேள்வி வைத்தேன். எந்தப் பக்கத்தில் நிறுத்தினாய்? ஏன்? பெயர் எழுத வேண்டியதில்லை.

அந்தச் சீட்டுகள் கற்றுக்கொடுத்ததை எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பெரியவர்கள் எல்லோரும் புகழ்ந்த ஒரு புத்தகம். அழகான அட்டை, நல்ல தாள், பாராட்டுரை மட்டுமே நாலு பக்கம். பிள்ளைகள் யாரும் இருபதாம் பக்கத்தைத் தாண்டவில்லை. ஒரு சீட்டில் இப்படி இருந்தது: "இதுல தாத்தாதான் எல்லாத்தையும் கண்டுபிடிக்கிறார். அந்தப் பையன் சும்மா கூடவே நடக்கிறான்." அன்றிலிருந்து எந்தச் சிறார் நாவலைக் கையில் எடுத்தாலும் முதலில் இதைத்தான் பார்க்கிறேன். முடிச்சை அவிழ்ப்பது பிள்ளையா, கூட வந்த பெரியவரா? பெரியவர் என்றால் பெரும்பாலும் கீழே வைத்துவிடுவேன்.

இன்னொரு சீட்டு. "இதுலயும் குண்டா இருக்கிறவன் சாப்பிட்டுக்கிட்டே இருக்கான்." யார் எழுதியது என்று எனக்குத் தெரியும், கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் புத்தகம் திரும்பிப் போனது.

மற்றபடி சாதாரணக் காரணங்கள்தான். எழுத்து பொடிப் பொடியாக இருக்கிறது, வழவழத் தாள் விளக்கு வெளிச்சத்தில் மினுங்குகிறது, அட்டையில் இருக்கும் நாய் கதைக்குள் வரவே இல்லை. இந்த நாய் விஷயத்தைப் பதிப்பாளர்கள் யாராவது படித்தால் தயவுசெய்து கவனியுங்கள்.

கடைசியில் பிள்ளைகள் முதலிடம் கொடுத்த பட்டியலில் பாதிக்கு மேல் படக்கதைகள். தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். "படம் பார்க்கவா மேடம் பணம் கொடுத்தோம்?" என்றார். நானும் தயாராகத்தான் போயிருந்தேன். அமெரிக்காவில் 1922 முதல் கொடுத்துவரும் நியூபெரி பதக்கம், சிறார் இலக்கியத்தில் பெரிய மரியாதை அது, 2020இல் முதல் தடவையாக ஒரு படக்கதைப் புத்தகத்துக்குப் போனது, மேலே சொன்ன 'நியூ கிட்' அதுதான் என்றேன். படக்கதை படிக்கிற பிள்ளை சும்மா படம் பார்ப்பதில்லை சார், முகபாவத்தைப் படிக்கிறது, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தானாக நிரப்பிக்கொள்கிறது என்றும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் சரி மேடம், பரீட்சையில கேப்பாங்களா?" என்றார்.

பேரம் பேசிப் பாதியை வாங்கினோம். மீதிப் பணம் அகராதிக்குப் போனது. வாங்கிய படக்கதைகள் ஒரு வருடத்தில் முதுகு பிரிந்து, ஒட்டி, மறுபடியும் பிரிந்தன. அகராதிகள் இன்னும் புத்தம்புதிதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

"பிள்ளைகளிடமே விட்டுவிட்டால் குப்பையைத்தான் பொறுக்குவார்கள்" என்று இதற்குள் யாராவது தட்டச்சு செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். நான் அப்படி விடச் சொல்லவில்லை. எல்லாப் பிரதியையும் முதலில் நான் படித்தேன் என்று மேலேயே எழுதியிருக்கிறேன், கொஞ்சம் மேலே போய்ப் பாருங்கள். வன்முறையும் வக்கிரமும் இருந்தவற்றை அவர்கள் கண்ணிலேயே காட்டவில்லை. மிச்சமிருப்பதில் எது அலமாரிக்கு வரும் என்பதைத்தான் அவர்கள் முடிவு செய்தார்கள். இதில் நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவும் இல்லை. பிரிட்டனில் 1936 முதல் இருக்கும் சிறார் நூல் விருதான கார்னகி பதக்கத்துக்கு, இறுதிப் பட்டியல் புத்தகங்களைப் பள்ளிக் குழுக்களும் படித்து விமர்சனம் எழுதுகின்றன. நடுவர்களின் பதக்கம் தனி, பிள்ளைகள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது தனி.

அதே 1936இல் நடந்த இன்னொன்றும் இருக்கிறது. டோல்கீனின் 'தி ஹாபிட்' கையெழுத்துப் பிரதி பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினிடம் வந்தபோது, அவர் அதைத் தன் பத்து வயது மகன் ரெய்னரிடம் கொடுத்தார். படித்து அறிக்கை எழுதினால் ஒரு ஷில்லிங் கூலி. நல்ல கதை, 5 முதல் 9 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பிடிக்கும் என்று பையன் எழுதிக் கொடுத்தான். அடுத்த வருடம் புத்தகம் வந்தது. பத்து வயதுக்காரன் ரசித்துப் படித்துவிட்டு, இது சின்னப் பசங்களுக்கு என்கிறான் பாருங்கள்! எங்கள் எட்டாம் வகுப்பும் இப்படித்தான். படப் புத்தகத்தை வரைபட நூலுக்குள் ஒளித்துவைத்துப் படிப்பார்கள், கேட்டால் தங்கச்சிக்கு என்பார்கள். அதனால் அட்டையில் போட்டிருக்கும் வயதைப் பார்த்து எதையும் தள்ளாதீர்கள். அது கடையில் எந்தத் தட்டில் அடுக்குவது என்பதற்காகப் போடுவது.

புதிது என்று கேட்டிருப்பதால் இன்னொரு விஷயம். அட்டை புதிதாக இருந்தால் புத்தகம் புதிது என்று நம்பிவிடாதீர்கள். உள்பக்கத்தில் முதல் பதிப்பு எந்த ஆண்டு என்று பாருங்கள். பழைய கதைக்குப் புது அட்டை போட்டு வருவது நிறைய. அந்த வரியே இல்லாத புத்தகங்களும் உண்டு, அவற்றை நான் வாங்குவதில்லை. ஓவியர் பெயர் போடாதவையும் அப்படியே.

நூலகம் என்று பேச்சு வந்ததால் இதையும் கொட்டிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு நூலக வகுப்பு இருக்கும். காகிதத்தில்தான். கணக்குப் பாடம் முடியவில்லையா, நூலக வகுப்பை எடுத்துக்கொள். ஆண்டு விழா ஒத்திகையா, நூலக வகுப்பை எடுத்துக்கொள். பிள்ளைகள் என் கதவைப் பார்த்துக்கொண்டே வரிசையாகக் கணக்கு வகுப்புக்குப் போவார்கள். நானோ வினாத்தாள் எண்ணிக் கட்டிக்கொண்டிருப்பேன், அல்லது யாராவது விடுப்பு எடுத்த வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். ஒரு வருடம் சீருடைத் துணி மூட்டைகளை நூலகத்தில்தான் அடுக்கினார்கள், கதைப் புத்தக அலமாரிக்கு முன்னாலேயே. அப்புறம் பெற்றோர் கூட்டத்தில் மேடை ஏறி, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பழக்கமே இல்லை என்று பேசினார்கள். உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் போன மாதம் நூலக வகுப்பு நிஜமாகவே நடந்ததா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். நிர்வாகத்திடம் கேட்டால் நடந்தது என்றுதான் பதில் வரும்.

சரி, உங்கள் மகனுக்கு வருகிறேன். நீங்களாகத் தேர்ந்தெடுத்து மேசையில் வைக்காதீர்கள். அந்த வயதில் அம்மா அப்பா கொடுக்கும் புத்தகத்துக்கு வீட்டுப்பாட வாசனை வந்துவிடும். நாலைந்து புத்தகங்களை நூலகத்திலிருந்தோ தெரிந்தவர்களிடமிருந்தோ இரவல் வாங்கிப் போடுங்கள். பிடிக்காததைப் பாதியில் மூடலாம், ஆனால் எந்தப் பக்கத்தில் மூடினான், ஏன் மூடினான் என்று மட்டும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம். ஒரே வரிசையில் அடுத்தடுத்த பாகங்களாகக் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். பாத்திரங்கள் ஏற்கெனவே பழகியவர்கள் என்பதால் இரண்டாவது பாகத்தில் வேகம் தானாக வரும். அதைத் தரக்குறைவு என்று நினைக்கிற ஆசிரியர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை.

இந்தப் பட்டியலில் எதுவும் ஒத்துவரவில்லை என்றால் கீழே எழுதுங்கள். மகனின் மதிப்பெண்ணும் வகுப்பும் வேண்டாம். கடைசியாக அவன் பாதியில் மூடிய புத்தகத்தின் பெயரையும் மூடிய பக்கத்தையும் சொன்னால் போதும், அதை வைத்து வேறு சொல்கிறேன்.