களப்பணி ஒத்துவராது, ஜிஐஎஸ் மட்டும் படித்தால் மண் வரைபடம் போட முடியுமா?

போடலாம். ஜிஐஎஸ் என்றால் இடம் சார்ந்த தகவல்களைக் கணினியில் வரைபடமாக்குவது; அதற்கான க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், செண்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம், சில மாதங்களில் கை பழகிவிடும். ஆனால் அது சரியான வரைபடமா என்று உங்களுக்கே தெரியாது. நீங்கள் கணினி படித்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி வந்தவன்தான்.

முதுகலை ஆய்வில் மேல்மண்ணில் எவ்வளவு களிமண் இருக்கிறது என்று செயற்கைக்கோள் படங்களிலிருந்து ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் மாடலை வைத்துக் கணித்தேன். மண் மாதிரிகள் பழைய கணக்கெடுப்பில் யாரோ எடுத்தவை. சோதனையில் முடிவு பிரமாதமாக வந்தது. என் வழிகாட்டிப் பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, மண் துளைப்பானைக் கையில் கொடுத்து "இந்தக் கருப்புத் திட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார். செயற்கைக்கோள் படத்தில் கருப்பாகத் தெரிந்த அந்த இடம் களிமண் என்று என் மாடல் சொல்லியிருந்தது. போய்ப் பார்த்தால் அறுவடைக்குப் பிறகு தாளைக் கொளுத்திய கரி! மண்ணை நனைத்துப் பிசைந்து கட்டைவிரலால் நாடா மாதிரி தள்ளிப் பார்த்தேன், களி இருந்தால் நீளமாக வரும், எனக்கு உடனே உதிர்ந்தது. நறநறவென்று மணல்.

அந்தப் படத்துக்கு மண்ணின் மேல்தோல் மட்டும்தான் தெரியும். இன்னொரு தப்பு என்னுடையது. மாதிரிகள் எல்லாம் சாலையோரமாகக் கொத்துக் கொத்தாக இருந்தன, நான் குலுக்கல் முறையில் பிரித்ததால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் ஒன்று மாடலின் பயிற்சிக்கும் ஒன்று சோதனைக்கும் போய்விட்டது, வினாத்தாளை முன்பே பார்த்துவிட்டுத் தேர்வு எழுதிய கதை. நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்திருக்க வேண்டும்.

மாடலே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள், இன்றும் என் வேலை அதுதான். ஆனால் தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் மேடுபள்ளம், தாய்ப்பாறை, காலம் என்று மண் உருவாகும் ஐந்து காரணிகளை மண்ணியல் அறிஞர் ஹான்ஸ் ஜென்னி 1941-லேயே எழுதிவிட்டார், இன்று மாடலுக்குள் நாம் போடும் தரவு அடுக்குகளில் பெரும்பாலானவை அவைதான். குழிக்குள் இறங்கி அடுக்கடுக்காக நிறம் மாறுவதைப் பார்க்காமல் அது புரியாது. அதனால் பல்கலைக்கழகம் தேடும்போது எந்த மென்பொருள் என்று கேட்காதீர்கள், களத்தில் எத்தனை நாள் என்று கேளுங்கள்.

அப்புறம் ஒன்று, ரொம்ப நாளாக உறுத்துவது. குழி வெட்டி, மண் அள்ளி, பையில் சீட்டு எழுதிப் போட்டவர்களின் பெயர் எந்த வரைபடத்தின் ஓரத்திலும் வருவதில்லை, 'தரவு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். என் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்திலும் அவர்கள் இல்லை. யார் என்று விசாரிக்கக்கூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.